எங்கும் ஓடுமாம், என்னிடம் மட்டும் ஓடாதாம்

இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் பாயும் என்று கணித்துப் பார்க்க ஆசை. அதற்கென்று ஒரு மென்பொருளை இறக்கினேன். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என்று யாருடைய ஜிபியுவிலும் (கிராஃபிக்ஸ் சிப்பிலும்) ஓடுமாம், ஒரே நிரல்தானாம். முதல் வரியிலேயே அந்தப் பெருமை. கிளிநொச்சியில் இருக்கிற என் லாப்டாப்பில் உள்ளது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, நாலு ஜிபி மெமரி. தட்டினேன். மெமரி போதாது என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டது.

சரி, கணக்குக்காக நிலத்தைப் பிரிக்கிற கட்டங்களை, அதாவது செல்களை, குறைத்துப் பார்ப்போம் என்று குறைத்தேன். ஓடியது, சிபியுவில் ஓட்டினதை விட மெதுவாக! விசர் பிடித்துப்போய் நிரலைத் திறந்து பார்த்தால், நேரப்படி சுற்றும் லூப்புக்குள்ளேயே ஜிபியுவில் மெமரி கேட்கிற கூடாமலொக், அது முடிகிற இடத்தில் அதைத் திருப்பிக் கொடுக்கிற கூடாஃப்ரீ. ஒவ்வொரு சுற்றுக்கும்! கூடாஃப்ரீ என்றால் ஜிபியு கையில் இருக்கிற வேலையை முடிக்கும் வரை எல்லாம் காத்து நிற்கும். ஒரு நெல்மூட்டை ஏற்ற லாண்ட்மாஸ்டர் பிடித்து, இறக்கியதும் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த மூட்டைக்கு மறுபடி போன் போடுவது போன்ற வேலை. தொடக்கத்திலேயே பெரிய துண்டாக எடுத்து வைத்து, அதிலிருந்து பங்கிட்டுக் கொடுக்கத்தானே லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்துக்காரர் அம்பயர் என்ற நூலகத்தைச் சும்மா கொடுத்திருக்கிறார்கள்? என்விடியா ஜிபியுவுக்கு நிரல் எழுதுகிற கூடாவிலேயே 11.2 பதிப்பிலிருந்து அதற்கு வழி இருக்கிறதே!

மிச்ச அர்ரே (எண் வரிசை) எல்லாம் யூனிஃபைட் மெமரி, சிபியுவும் ஜிபியுவும் ஒரே முகவரியில் தொடுகிற வகை. எழுதியவர்களின் இயந்திரத்தில் அது சுகமாக ஓடியிருக்கும். எல் காப்பிட்டன் சூப்பர் கணினி மாதிரி ஏஎம்டியின் எம்ஐ300ஏ சிப் என்றால் சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் நினைவகம் ஒன்றுதான், நகலெடுக்கிற தொல்லையே இல்லை. என்னுடையது விண்டோஸ். இங்கே ஜிபியுவின் நினைவகத்துக்கு மேலே ஒதுக்கவே விடாது. லினக்ஸில் விடும்தான், ஆனால் வழிகிறதெல்லாம் கார்டை லாப்டாப்போடு இணைக்கிற பிசிஐஇ பாதை வழியாக வர வேண்டும். கார்டுக்குள்ளே விநாடிக்கு 128 ஜிபி, பிசிஐஇ 3.0 பதினாறு லேனில் ஒரு திசைக்கு வெறும் 16. கணக்குப் போடுகிற பகுதியை மட்டும் எல்லா இயந்திரத்துக்கும் பொதுவாக எழுதிவிட்டு, மெமரியைக் கடவுளிடம் விட்டால் சரியா?

ஒரு செல்லுக்கு எத்தனை பைட் தேவை என்று ரீட்மீயில் ஒரு வரி எழுதக் கை உளையுமா? எண்ணுக்கு 8 பைட் பிடிக்கிற டபுளில் பத்து அர்ரே என்றால் 80 பைட், ஐந்து கோடி செல்லுக்கே நாலு ஜிபி காலி. அதைச் சொல்லித் தொலைத்திருந்தால் போன் டேட்டாவைக் கரைத்து இந்தக் கோதாரியை இறக்கியிருக்கவே மாட்டேன்.