வெட்டாமல் எப்படி மாட்டுவதாம்?

ஆர்.சி. பக்கிக்கு, அதாவது கரடுமுரடான தரையில் ஓட்டுகிற ரிமோட் காருக்கு, ராலி கார் பாடி என்று மேல்கூடு விற்கிறவர்களை மன்னார்குடிக்குக் கூட்டிவந்து, அவர்கள் கையாலேயே மாட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். பெட்டியில் கொட்டை எழுத்தில் 1/10 என்று, அதாவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு என்று, போட்டிருக்கிறது. கேட்டால், "ஒன் பை டென் வண்டிதானே சார், தாராளமா உட்காரும்" என்கிறார் கடைக்காரர். எங்கே உட்காருகிறது?

அந்த 1/10 கணக்கே பித்தலாட்டம். நிஜமான சுபாரு இம்ப்ரெசா, அந்த முதல் தலைமுறை வண்டி, 1,690 மி.மீ. அகலம். பத்தால் வகுத்தால் 169. விற்கிற இம்ப்ரெசா பாடியோ 190 அகலம், வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 257. ஏனென்றால் அது சமதளத்தில் ஓடுகிற டூரிங் காரின் சேஸிஸுக்காக, அதாவது அந்த அடிச்சட்டத்துக்காக, அடித்தது. பக்கி 250 மி.மீ. வரை அகலம், வீல்பேஸ் 280ஐ ஒட்டி வரும். இரண்டு பக்கமும் மூன்று மூன்று சென்டிமீட்டர் டயர் துருத்திக்கொண்டு நிற்கும். முன்சக்கரத்தை வளைவுக்குள் சரியாக வைத்தால் பின்சக்கரம் பம்பர் பக்கம் போய் இடிக்கும். அகலம், வீல்பேஸ் என்று இந்த இரண்டு எண்ணைப் பெட்டிமேல் அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடும்?

அப்புறம், ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடித்திருக்கிற அந்த ஷாக் டவர். பக்கியில் அது நெட்டுக்குத்தாக நிற்கும். அதற்கு இடம்விட்டு பாடியைத் தூக்கினால், கொள்ளிடம் வெள்ளத்துக்குப் பயந்து பரண் ஏறின கார் மாதிரி இருக்கிறது. தாழ்த்தினால் பின்கண்ணாடியில் ஓட்டை போட்டாக வேண்டும். பாடி செய்த லெக்ஸான் பிளாஸ்டிக்கில் வெட்டு கூர்மூலையாக முடிந்தால் அங்கிருந்தே விரிசல் ஓடும். மூலையில் வட்டமாகத் துளை போட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுக்க முடியும். இத்தனையும் செய்து, உள்பக்கமாகப் பெயின்ட் அடித்துக் காயவிட்டு, சம்பா அறுத்த வயலில் இறக்கினேன். காய்ந்த களிமண் கட்டிமேல் ஏறி இறங்கியதும் ஷாக் அமுங்கியது, டயர் வளைவைக் கவ்வியது, ஓரம் பிளந்தது. அவ்வளவுதான் ராலி.

திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்களாம். "வெட்டிட்டீங்களே சார்!" வெட்டாமல் மாட்டுகிற வித்தை தெரிந்தால் அவரே மாட்டிக் கொடுத்திருக்கலாமே.

ஆர்.சி. கார் செய்கிற தமியா கம்பெனியே தன் டிஎஃப்-03 பக்கியை ராலிக்குக் கொண்டுவந்தபோது மேலே பாடியைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சேஸிஸை மாற்றி, டிஎஃப்-03ஆர்ஏ என்று தனியாகவே விட்டது. இங்கே இவர்களுக்கு பாடியை மாட்டுகிற குச்சி, அந்த பாடி போஸ்ட், நாலு இருந்தால் போதும்.

இப்போது கடைக்காரர், சக்கரத்தைத் தாங்குகிற குட்டை ஆர்ம், டூரிங் வீல், புது டயர் எல்லாம் வாங்கச் சொல்கிறார். அதற்கு ஆகிற காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் பழைய ராலி சேஸிஸே கிடைக்கும். அதை முதல் நாளே சொல்ல வாய் வலித்ததா?