எங்கள் ஓட்டின் விலை 1600 ரூபாயாம்

2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் தொகுதியான கேரளத்து ஆலத்தூர் ஓட்டுப் போட்டது பற்றிய அந்த முகநூல் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கேரளம் முழுக்க இடதுசாரி அரசு போட்ட செஸ் என்ற கூடுதல் வரிக்கு எதிராக ஓட்டுப் போட்டதாம். எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்கள் மட்டும் அரசு மாதாமாதம் தரும் 1600 ரூபாய் நலப் பென்ஷனுக்கு விலைபோய், இடதுசாரிகளுக்கு அந்த ஒரே சீட்டைக் கொடுத்துவிட்டார்களாம். எழுதியவர் கோவை நண்பர். கீழே சிரித்துவிட்டுப் போனவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. இருக்கட்டும்.

எந்தப் பென்ஷனுக்கு விலைபோனோம்? வராத பென்ஷனுக்கா?

2023 பட்ஜெட்டில் கேரள நிதியமைச்சர் பாலகோபால் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டார். 500 ரூபாய்க்கு மேல் விற்கும் மதுபாட்டிலுக்கு 20 ரூபாய், ஆயிரத்துக்கு மேல் 40. எல்லாம் பென்ஷனுக்காக என்றார்கள். அந்த நிதியாண்டிலேயே பென்ஷன் மாதக்கணக்கில் நின்றது. மத்திய அரசு கடன் வரம்பைக் குறைத்துவிட்டது என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் பென்ஷன் வாங்கும் என் பாட்டி, எங்கள் அம்மிச்சிக்குக் கடன் வரம்பு தெரியாது. கூட்டுறவு சொசைட்டி ஆள் பணத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார், அது தெரியும். பைக் சத்தம் கேட்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திண்ணைக்கு வந்து நிற்பார். பார்த்தால் மீன்காரராக இருக்கும். பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பித்திருந்தார் என்பது எங்களுக்கே பிறகுதான் தெரிந்தது.

வரி ஏற்றினால் பில்லில் தெரியும். டீக்கடையில் பேசலாம், டிவியில் கத்தலாம். செலவை வெட்டினால் பில் கிடையாது. 'உங்கள் பங்கு 1600 ரூபாய் வெட்டப்பட்டது' என்று யாரும் ரசீது தருவதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு முகநூல் கணக்கு இல்லை.

இந்த ஊரில் அந்த 2 ரூபாயால் யார் செத்தார்கள்? ஆட்டோ ஓட்டும் மச்சான் எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் தாண்டிப்போய்த் தமிழ்நாட்டு பெட்ரோல் பங்கில் அடித்துக்கொண்டு வருகிறார். அங்கே விலை குறைவு. பாதி ஊர் அப்படித்தான். லாரி வாடகை ஏறுமே, காய்கறி விலை ஏறுமே என்பீர்கள். ஏறும், சரி. பென்ஷன் நின்றதோடு அதை வைத்துப் பாருங்கள்.

2024 தேர்தல் நேரத்தில், விஷுவுக்கு முன்னால் இரண்டு மாதப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தார்களே, அது ஓட்டுக்குத்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், ஓட்டுக்குத்தான். அதனால் என்ன? அம்மிச்சியின் பாக்கியைத்தான் அம்மிச்சிக்குக் கொடுத்தார்கள். உங்கள் சம்பள பாக்கி வந்தால் லஞ்சம் என்று திருப்பிக் கொடுப்பீர்களா?

அப்புறம் இந்த 'மாநிலமே வரிக்கு எதிராக' கதை. 2019 மக்களவைத் தேர்தலிலும் இடதுசாரிகளுக்குக் கேரளத்தின் 20 சீட்டில் ஒன்றுதான். அப்போது ஏது இந்த செஸ்? இதே ஆலத்தூரில் காங்கிரஸ் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தது. அப்போதும் பென்ஷன் இருந்தது, அதை வாங்கிய தமிழர்களும் இருந்தார்கள். இரண்டு வருடம் கழித்துச் சட்டமன்றத்தில் இடதுசாரிகளுக்கு 99. டெல்லிக்கு ஒரு கணக்கு, திருவனந்தபுரத்துக்கு ஒரு கணக்கு என்று போடத் தெரிந்த ஜனத்தைத்தான் விலைபோனவர்கள் என்கிறார் கோவை நண்பர்.

இனி கோவைக்கு வருவோம். 2022 பிப்ரவரியில் உங்களுக்கு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் பிறந்ததும் சொத்துவரியை 25-இலிருந்து 150 சதவீதம் வரை ஏற்றினார்கள். தேர்தலுக்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்று நீங்களே புலம்பிப் பதிவு போட்டீர்கள். செப்டம்பரில் கரண்ட் பில்லும் ஏறியது. 2023-இல் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அன்றைய ஆளுங்கட்சியான தி.மு.க.வின் கூட்டணிக்குத் தமிழ்நாட்டில் 39-க்கு 39. நீங்கள் போட்டால் அரசியல் தெளிவு, நாங்கள் போட்டால் பிச்சைத் தட்டு. அப்படித்தானே?

பாலக்காடு டவுனுக்குப் போனால் நாங்கள் 'பாண்டி'. பஸ்ஸில் காது கேட்கவே சொல்வார்கள், பழகிவிட்டது. பொள்ளாச்சி பக்கம் வந்தால் கேரளாக்காரன். ரேஷன் கார்டும் மனுப் படிவமும் மலையாளத்தில், திட்டு மட்டும் இரண்டு பாஷையிலும். இதையெல்லாம் தெரிந்த மனுஷர்தான் அதை எழுதினார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மிச்சி கையால் பணியாரம் வாங்கிச் சாப்பிட்டவர்.

அவர் பெயரைக் கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம், சொல்ல மாட்டேன். ப்ளாக் பண்ணச் சொல்பவர்களுக்கும் அதேதான். அவர் பதிவை நீக்க வேண்டியதில்லை, அது அப்படியே இருக்கட்டும். பதில் எழுத வந்தால் 2022 சொத்துவரி ரசீதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.