"கவனமா இருந்திருக்கலாமே" என்று எழுதியவர்களுக்கு

வெள்ளவத்தை வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்று மாடிச் சாரக்கட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு தம்பி கீழே விழுகிற வீடியோ, உங்களில் பாதிப் பேர் பகிர்ந்திருக்கிறீர்கள். அந்தத் தம்பி விழுவதை என்னால் முழுவதும் பார்க்க முடியவில்லை. ஆனால் கீழே இருந்த கருத்துகளை ஒன்று விடாமல் வாசித்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அண்ணா, என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர், எழுதியிருக்கிறார்: "கவனமா வேலை செய்யத் தெரியாட்டி ஏன் மேல ஏறணும்?" அதற்கு நூற்றுக்கு மேல் லைக்.

அண்ணா, அந்தத் தம்பி கவனமாகத்தான் இருந்தான். வீடியோவைத் திரும்பப் பாருங்கள். வாளியை ஒரு கையால் பிடித்து, மற்றக் கையால் குழாயைப் பிடித்து, காலால் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறான். அந்தப் பலகை கட்டப்படவில்லை. ஓரத்தில் இடுப்பளவுக்கு ஒரு குறுக்குக் குழாய்கூட இல்லை. இடுப்பில் பெல்ட் இல்லை, கீழே வலை இல்லை. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் மாலையில் காற்று எப்படி அடிக்கும் என்று வெள்ளவத்தையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? உப்புக்காற்றில் பல்கனிக் கம்பியே இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கிற இடம். அங்கே அந்த மூன்று மாடிச் சாரக்கட்டின் கிளாம்புகளை யார், எப்போது சரிபார்த்தார்கள்? அந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

30 அடி உயரத்திலிருந்து விழ ஒன்றரை செக்கன்கூட ஆகாது. நிலத்தில் மோதும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர். அந்த ஒன்றரை செக்கனுக்குள் ஒரு மனிதன் எவ்வளவு கவனமாக இருந்து என்ன செய்வது? கவனம் என்பது அவன் ஏறுவதற்கு முன்னால் இருந்திருக்க வேண்டியது. சாரக்கட்டு அடித்தவனிடம், அவனை ஏறச் சொன்னவனிடம், காசு கொடுத்தவனிடம் இருந்திருக்க வேண்டியது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் அப்பா ஹட்டன் பக்கமிருந்து பதினேழு வயதில் கொழும்புக்கு வந்தவர். கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் கடதாசி வெட்டும் மெசினில் வேலை. அந்த மெசினில் இரண்டு பட்டன் இருக்கும், ஒன்று வலப்பக்கம், மற்றது இடப்பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் கத்திக்குக் கீழே கை போக வழியில்லை. எவ்வளவு எளிமையான யோசனை! இதைச் செய்தவன், மனிதன் களைத்துப் போவான், வீட்டு யோசனை வரும், கண் ஒரு கணம் வேறு பக்கம் போகும் என்றெல்லாம் முதலிலேயே நினைத்துச் செய்திருக்கிறான்.

அந்த அச்சகத்தில் இடப்பக்கப் பட்டனுக்குள் தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகி, மேலே செலோடேப் ஒட்டியிருந்தார்கள். அப்பா வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அது அப்படித்தான் இருந்ததாம். ஒரு கையால் அழுத்தினால் மற்றக் கையால் கடதாசியைத் தட்டிச் சீராக்கலாம், வேலை வேகமாகப் போகும். 1998 டிசம்பர், கலண்டர் சீசன், இரவு பத்து மணி தாண்டி வேலை. இடக்கையில் நடுவிரலும் மோதிரவிரலும் போயின. அப்போது எனக்குப் பதினொரு வயது.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு டின் மைலோ, இரண்டு பெட்டி பிஸ்கட், ஒரு கடித உறையில் காசு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நல்ல மனதோடுதான், "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமே" என்றார். அப்பா தலையாட்டினார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான்: "என் கவனயீனம்தான்." என் பாடசாலைப் பரிசளிப்பு விழாப் படத்தில் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தேநீர்க் கோப்பையை வலக்கையால் மட்டும்தான் எடுக்கிறார். விரல் போனதை விட, அது தன்னுடைய பிழை என்று நம்பிக்கொண்டே அவர் வயதாகிப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெரியவளாகித்தான் தெரிந்துகொண்டேன். ஆபத்தான மெசின் பாகங்களுக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்று இந்த நாட்டில் 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அதற்கும் முன்னால், 1934 இலேயே தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டால் முதலாளி நட்டஈடு தர வேண்டும். குடித்திருந்தானா, வேண்டுமென்றே கட்டளையை மீறினானா என்று பார்க்கலாம். ஆனால் கண் ஒரு கணம் தவறியது என்பதற்காகக் கொடுக்காமல் விட முடியாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே கேட்காத கேள்வியை நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவனிடம் கேட்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இந்தச் சட்டம் தெரியாது. மைலோவோடு முடிந்துவிட்டது.

சரி, எதிர்த்து எழுதுவீர்கள், தெரியும். "பெல்ட் குடுத்தாலும் இவங்க போட மாட்டாங்க" என்று ஏற்கெனவே நாலு பேர் எழுதிவிட்டீர்கள். உண்மைதான், போடாதவர்கள் இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஏன் என்று பெயின்ட் அடிக்கிற ஒருவரிடம் கேட்டுப் பார்த்தீர்களா? நான் கேட்டேன். "மாட்டுறதுக்கு இடம் இல்லையே மிஸ்" என்றார். பெல்ட்டின் கொளுக்கியை மாட்டப் பலமான கம்பியோ கயிறோ மேலே இல்லையென்றால் அது வெறும் பாரம். அதற்கு மேல், சதுர அடிக் கணக்கில் கூலி. ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டினால் அந்த நாளின் சம்பளம் குறையும். அவனுடைய வீட்டுச் சாப்பாட்டையும் அவனுடைய உயிரையும் எதிரெதிரே வைத்துவிட்டு, பிடிவாதக்காரன் என்று அவனையே சொல்கிறோம். பாதுகாப்பு வேலையில் இருக்கிறவர்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்ய வேண்டும், முடியாவிட்டால் தடுப்புப் போட வேண்டும். "கவனமாக இரு" என்று சொல்வதும் பெல்ட், ஹெல்மெட் கொடுப்பதும் வரிசையின் கடைசிப் பக்கம். நாம் கடைசியை முதலாவதாக்கி அதோடு நின்றுவிடுகிறோம்.

"இந்த விலைவாசியில கொன்ட்ரெக்டரும் பாவம்." இருக்கலாம். அந்தத் தம்பியின் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள். "விதி" என்று எழுதியவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கட்டாத பலகைக்கும் விதிக்கும் என்ன சம்பந்தம்?

2013 ஏப்ரல் 24 இல் பங்களாதேஷில் ரானா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புத் தெரிந்தது. பயந்தவர்களை மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். அவர்களும் கவனமாகத்தான் இருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியதாக இருக்காது. போன மாதம் எங்கள் ஐந்தாம் மாடி வீட்டுக்கு ஏசி திருத்த இரண்டு பெடியன்கள் வந்தார்கள். மூன்று இடத்தில் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவர்களைத்தான் கூப்பிட்டேன். ஒருவன் ஜன்னலுக்கு வெளியே, ஒரு சாண் அகலக் கொங்கிரீட் விளிம்பில் நின்றான். மற்றவன் உள்ளே நின்று அவனுடைய காற்சட்டைப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான், வெறும் இரண்டு விரலால். நான் தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டு, "கவனம் தம்பி" என்றேன்.

அப்பா சோபாவில் இருந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை இன்னும் போகவில்லை. வேலையை நிறுத்தச் சொன்னேன். "இல்ல மிஸ், இப்படித்தான் எல்லா இடமும் செய்றது" என்று சிரித்தார்கள். கயிறும் பெல்ட்டும் உள்ள ஆட்கள் வர இரண்டு நாள் ஆகும், காசும் கூட என்றது கம்பனி. இரண்டு நாள் மின்விசிறியோடு இருந்தோம். அவ்வளவுதான் நான் பட்ட கஷ்டம். அதற்காகத்தான் ஒரு பிள்ளையை ஐந்தாம் மாடி விளிம்பில் நிற்க வைத்திருந்தேன்.

நேற்று அப்பா என் போனில் அந்த வீடியோவைப் பார்த்தார். விழுகிற இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு, "ஓரத்துக்குக் குழாய் அடிக்கலையே புள்ள" என்றார். அதைத்தான் முதலில் சொன்னார். அந்தத் தம்பியின் கவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் குடும்பம் மலையகம் என்கிறார்கள். நட்டஈடு கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடும். 2022 திருத்தத்துக்குப் பிறகு உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாய், மைலோ டின் இல்லை. யாராவது பேப்பரில் கையெழுத்து வாங்க வந்தால் வாசிக்காமல் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்களைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து இன்பொக்ஸில் வாருங்கள். நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அப்பாவும் வருகிறாராம்.