மஞ்சள் பெட்டியால் கிணறு கெடாது

‘சாலை வேலையில் வைக்கும் மஞ்சள் பெட்டி மண்ணில் கதிர்வீச்சை இறக்கிவிடும், பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்’ என்று கிருஷ்ணகிரி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

ரோலர் ஓடிய மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று குழி தோண்டாமல் பார்க்கும் கருவிதான் அந்த மஞ்சள் பெட்டி. உள்ளே சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் உலோக உறைக்குள் மூடி வைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து வரும் காமா கதிர் மண்ணில் பட்டுத் திரும்புவதைக் கருவி எண்ணும், அவ்வளவுதான். டார்ச் அடித்த சுவரில் வெளிச்சம் தங்குகிறதா என்ன? சீசியம் உறையை விட்டு வெளியே வராதவரை கிணற்றுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் அளக்கும்போது தள்ளி நில்லுங்கள், கருவியைத் தொடாதீர்கள். கதிரியக்கக் கருவிகளுக்கான விதிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இணையதளத்தில் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி உங்கள் குரூப்புக்கு வந்தால் தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.