65 வாட் சார்ஜர் இருந்தும் பயனில்லை

வீட்டில் சார்ஜருக்கா பஞ்சம்? ஆனால் ராஸ்பெர்ரி பை 5 என்கிற உள்ளங்கை அளவு கணினிக்கு அதில் ஒன்றும் சரிப்படாது. அது கேட்பது 5 வோல்ட், 5 ஆம்பியர். லேப்டாப்போடு வந்த 65 வாட் சார்ஜரே போதுமே என்று தோன்றும். வம்பே அங்கேதான். அந்த 65 வாட்டும் கிடைப்பது 20 வோல்ட்டில். 5 வோல்ட்டுக்கு இறங்கினால் பெரும்பாலும் 3 ஆம்பியரோடு கையை விரித்துவிடும். அதாவது வெறும் 15 வாட். அட்டைப்பெட்டியில் 65 என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், 5 வோல்ட்டில் எவ்வளவு என்பதை மட்டும் எறும்பு எழுத்தில் போடுகிறார்கள்.

சரி, 3 ஆம்பியரில் ஓடாதா? ஓடும். ஆனால் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 600 மில்லி ஆம்பியர்தான் என்று பை கறாராக நிறுத்திவிடும். வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் அது டக் டக்கென்று அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதில் கேபிள் வேறு. மெலிசான, நீளமான கேபிளிலேயே வோல்ட் குறைந்துபோகும். 4.63-க்குக் கீழே இறங்கினால் திரையில் எச்சரிக்கை, அப்புறம் வேகமும் படுத்துவிடும்.

கடையில் கேட்டால், "எல்லாம் ஒரே டைப்-சிதான் சார், எந்த போனுக்கும் போடலாம்" என்கிறார். இது போன் இல்லையே ஐயா! போனுக்கு பேட்டரி இருக்கிறது, கரண்ட் குறைந்தால் மெதுவாக ஏறும். இதற்கு ஏது பேட்டரி? கடைசியில் இதற்கென்றே விற்கும் 27 வாட் அடாப்டரைத் தனியாக வாங்கித்தான் ஆகவேண்டும். அது லேப்டாப்புக்குப் போதாது என்பது வேறு கதை.