‘மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்’ என்று இந்தப் படத்துக்குச் சொல்லாதீர்கள்

2015-இல் வந்த ‘ஸ்கவுட்ஸ் கைடு டு த ஜாம்பி அபோகலிப்ஸ்’ என்ற ஹாலிவுட் ஜாம்பிப் படம் (ஜாம்பி என்றால் செத்தும் நடமாடும் பிணம்) பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இரண்டே கட்சிதான். ஒன்று, “ச்சீ, கருமம், பாதியில் நிறுத்திவிட்டேன்.” இன்னொன்று, “ஜாம்பி காமெடிதானே, மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார், ஜாலியாக இருக்கும்.” முதல் கட்சி மேல் எனக்குக் கோபமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தொங்குகிற பையன் பிடிமானத்துக்கு ஒரு கிழட்டு ஜாம்பியின் ஆணுறுப்பைப் பிடித்துக்கொள்ள, அது ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போகிற படம் இது; முகம் சுளிப்பவர்களை என்ன சொல்ல முடியும்? என் சண்டை இரண்டாவது கட்சியோடுதான். இத்தனைக்கும் எனக்குப் பிடித்த படம்.

மூளையைக் கழற்றி வைத்துவிட்டால் இந்தப் படத்தில் உருப்படியாக இருக்கும் ஒரே விஷயமும் கையை விட்டுப் போய்விடும். பென், கார்ட்டர், ஆகி (Augie) என்று மூன்று சாரணப் பையன்கள். ஆகிக்கு அந்தச் சீருடைதான் உலகம், பெரிய பேட்ஜ் ஒன்று வாங்கப்போகிறான். மற்ற இருவருக்கும் இந்த வயதில் இன்னும் சாரணனா என்று வெட்கம். அன்றைக்கு ராத்திரியே அவனைக் காட்டில் கூடாரத்தில் விட்டுவிட்டு சீனியர் பசங்களின் பார்ட்டிக்கு நழுவப் பார்க்கிறார்கள். பள்ளி முடிகிற வயதில் ஒரு நண்பனை இப்படி மெல்லக் கழற்றிவிடுவது எவ்வளவு கேவலமான காரியம் என்று படத்துக்கு நன்றாகத் தெரிகிறது. ஆகியாக நடித்த ஜோயி மார்கன் 2021-இல் இறந்துபோனார். அதற்கப்புறம் அவர் முகம் வாடுகிற காட்சிகளை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

ஆபாசம் என்பதாலேயே எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. க்ளோரிஸ் லீச்மன், ஆஸ்கர் வாங்கியவர், எண்பதைத் தாண்டிய வயதில் ஜாம்பிக் கிழவியாக வந்து பல்லில்லாத வாயால் கார்ட்டரின் பின்புறத்தைக் கவ்வுகிறார். கடிக்க முடியவில்லை, விடவும் மாட்டேன் என்கிறார். அவ்வளவு பெரிய நடிகை கூச்சமே இல்லாமல் இறங்கி விளையாடுகிறார், அசிங்கம்தான், ஆனால் யாரையும் சிறுமைப்படுத்தாத அசிங்கம். பிரிட்னி ஸ்பியர்ஸ் பாட்டைப் பையனோடு சேர்ந்து ஜாம்பி பாடுவதும் அப்படித்தான், நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

சட்டை கிழிந்து நிற்கும் போலீஸ்காரி ஜாம்பியின் மார்பை கார்ட்டர் தொட்டுப் பார்க்கிற காட்சி வேறு. அங்கே சிரிப்புக்கு என்ன இருக்கிறது? சுயநினைவில்லாத ஒரு பெண்ணின் உடம்பு, அதைத் தொட ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான் ஜோக். “ஜாம்பிதானேப்பா” என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஆகி அழும்போது நீங்கள் உருகினீர்களே, அப்போது மட்டும் மூளை எங்கே இருந்தது? இத்தனைக்கும் துப்பாக்கியோடு வந்து பசங்களைக் காப்பாற்றும் டெனிஸ் என்ற பெண்ணைப் படைத்ததும் இதே படம்தான். டைரக்டர் க்றிஸ்டோஃபர் லேண்டன் அப்புறம் 2017-இல் ‘ஹேப்பி டெத் டே’, 2020-இல் ‘ஃப்ரீக்கி’ எடுத்தார். அவற்றிலும் ரத்தம், கொலை, கலாட்டா எல்லாம் உண்டு, இந்த மாதிரிக் காட்சி தேவைப்படவில்லை.

அப்புறம், “படம் ஃப்ளாப், ஜனங்களே ஒதுக்கிவிட்டார்கள்” என்று ஒரு பேச்சு. சுமார் ஒன்றரைக் கோடி டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் 40 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை, உண்மை. ஆனால் படத்தை வெளியிட்ட பாரமவுண்ட் நிறுவனம் அப்போது ஒரு சோதனை செய்தது: ஓடுகிற தியேட்டர்கள் 300-க்குக் கீழே போனால் 17 நாளில் படம் வீட்டில் பார்க்க டிஜிட்டலில் வந்துவிடும், அந்த வருமானத்தில் தியேட்டருக்கும் பங்கு. அந்தக் காலத்தில் வழக்கமாக அதற்குச் சுமார் மூன்று மாதம் ஆனது. அமெரிக்காவின் பெரிய தியேட்டர் நிறுவனமான ஏஎம்சி ஒத்துக்கொண்டது, கனடாவின் சினிப்ளெக்ஸும் ஒத்துக்கொண்டது, வேறு பெரிய தியேட்டர் நிறுவனங்கள் படத்தைப் போடவே மறுத்துவிட்டன. அதனால் பல இடங்களில் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கே தியேட்டர் கிடையாது. அந்த வசூலை வைத்து ரசிகர்களின் தீர்ப்பைச் சொல்வது நியாயமில்லை. பலர் இதை வீட்டில்தான் பார்த்தார்கள், நானும் அப்படித்தான்.