கேலிபரேஷன் அறையில் நாம் இல்லை

'வெளிப்படையாகப் பேசுபவர்களைப் பெரிய டெக் கம்பெனிகள் மதிக்கின்றன' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதிதான் சரி. நம் வேலைக்கான வருஷ ரேட்டிங் முடிவாவது, மேனேஜர்கள் மட்டும் உட்கார்ந்து எல்லோரையும் ஒப்பிட்டு மதிப்பிடும் 'கேலிபரேஷன்' கூட்டத்தில். என் பழைய கம்பெனியில் ரிலீஸுக்கு முந்தின நாள் 'லோடு டெஸ்ட் இன்னும் முடியவில்லை' என்றேன், அதாவது நிறையப் பேர் ஒரே நேரத்தில் வந்தால் சர்வர் தாங்குமா என்று பார்க்கும் சோதனை. டைரக்டர் சிரித்துக்கொண்டே 'நல்ல பாயிண்ட்' என்றார். மறுநாள் ராத்திரி சர்வர் படுத்தது. விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்ததும் நான்தான். வருஷக் கடைசி ஃபீட்பேக்கில் ஒரே வரி: 'டீமோடு ஒத்துப்போவதில்லை'. மைக்ரோசாஃப்ட் 2013-லேயே கைவிட்ட, ஆட்களை வரிசைப்படுத்திக் கழிக்கும் முறை அங்கே அப்போதும் இருந்தது. யாரையாவது கீழே தள்ளியாக வேண்டும், வாயைத் திறந்தவன்தான் முதலில் கண்ணில் பட்டான். அந்தக் கட்டுரைக்குக் கமெண்ட் எழுதிய ஒருவர் 'எல்லாவற்றையும் மெயிலில் போட்டு வையுங்கள்' என்கிறார். போட்டேன் சார், அதற்கும் 'எஸ்கலேட் பண்ணுகிறான்', அதாவது விஷயத்தை மேலிடம் வரை கொண்டுபோகிறான் என்று பேர் வாங்கினேன்.